மாதவிடாய் வலிக்கு எது முதலில்: வலிக்குளிசையா, ஹோர்மோனா, அலர்ஜிக் குளிசையா?

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசிக்குள் போய், "பீரியட்ஸ் வயிற்றுக்குத்துக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது பனடோல், இல்லாவிட்டால் பொன்ஸ்டான். இப்போது மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "அலர்ஜிக் குளிசை போட்டாலும் இந்த வலி குறையுமாம், உண்மையா?" மாதவிடாய் வலியில், அலர்ஜியின்போது உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளுக்கும் பங்கு உண்டு என்று இணையத்தில் வாசித்தவர்கள் கேட்கிற கேள்வி. கேள்வியில் பிழையில்லை. ஆனால் வரிசை தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் போட்டுப் பார்த்தால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே வேறு நோய் இருந்தால் அதுவும் கண்ணில் படாமல் வளர்ந்துகொண்டே போகும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு முதல் இடம், கருப்பையைச் சுருக்கி வலியைத் தரும் பொருளான புரொஸ்டகிளாண்டினைத் தடுக்கும் வலிக்குளிசைக்கு, அதுவும் சரியான அளவில், சரியான நேரத்தில். அது போதாதவர்களுக்கும் கருத்தடையும் வேண்டும் என்பவர்களுக்கும் அடுத்த இடம் ஹோர்மோனுக்கு. ஹிஸ்டமின் வழி எல்லோருக்கும் உரியது அல்ல. அதற்கான அடையாளங்கள் தெளிவாக இருக்கிறவர்கள் மட்டும், மற்ற இரண்டோடும் சேர்த்து, அளந்து பார்க்க வேண்டிய வழி அது.

கருப்பைக்குள் நடப்பது

மாதவிடாய் தொடங்குவதற்குச் சற்று முன் புரோஜெஸ்தரோன் சடாரென்று இறங்குகிறது. அந்த இறக்கத்தோடு கருப்பையின் உட்சுவர்க் கலங்களிலிருந்து அரக்கிடோனிக் அமிலம் வெளிவருகிறது. கொக்ஸ் என்ற நொதியம் அதைப் புரொஸ்டகிளாண்டினாக மாற்றுகிறது. அதில் எஃப்2 அல்பா என்ற வகை கருப்பைத் தசையையும் இரத்தக் குழாய்களையும் ஒன்றாக நெரிக்கும். வலி கடுமையாக உள்ளவர்களில் கருப்பைக்குள் அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தையும் தாண்டும். கையில் பட்டி கட்டிப் பிரஷர் பார்க்கும்போது ஒருவருக்கு 120 இருந்தால், அதைவிடக் கூடிய அழுத்தம் கருப்பைக்குள்ளே. இரத்தம் போகாமல் தசை தவிக்கிறது. அந்தத் தவிப்புத்தான் அடிவயிற்றிலும் நாரியிலும் தொடையிலும் இழுத்துப் பிடிக்கிற வலி.

மாதவிடாய் இரத்தத்தில் தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதை 1957 இல் பிக்கிள்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளர் காட்டினார். அது புரொஸ்டகிளாண்டின் என்று பிறகு தெளிவானது. இந்தப் பொருள் கூடுதலாகச் சுரப்பது முதல் 48 மணித்தியாலத்தில். ஆகவேதான் முதலாம் நாளும் இரண்டாம் நாளும் உயிரை எடுக்கிறது, மூன்றாம் நாள் ஒன்றும் நடக்காதது போல இருக்கிறது. அது இரத்தத்தில் கலந்து குடலுக்கும் போவதால் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வருகின்றன. "சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று இதைத் தட்டிக்கழிப்பவர்கள் அதிகம்.

ஹிஸ்டமினின் கதை இதைவிடப் பழையது. 1910 இல் ஹென்றி டேலும் லெயிட்லோவும் ஹிஸ்டமின் விலங்குகளின் கருப்பைத் தசையைச் சுருக்குவதைப் பதிவுசெய்தார்கள். மனிதக் கருப்பையிலும் ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் கலங்கள் உண்டு. மாதவிடாய் நெருங்கும்போது அவை தம்மிடம் உள்ளதைக் கொட்டுகின்றன. ஈஸ்ட்ரஜன் இந்தக் கொட்டலைத் தூண்டும், புரோஜெஸ்தரோன் பெரும்பாலும் அடக்கும். ஹிஸ்டமினை உடைக்கும் டயமின் ஒக்சிடேஸ் என்ற நொதியமும் சுழற்சியோடு ஏறி இறங்குகிறது: முட்டை வெளிவந்த பிறகான இரண்டு வாரத்தில் கூடுதலாகவும், மாதவிடாயை அடுத்த முதல் பாதியில் குறைவாகவும் இருக்கும். கர்ப்பமானால் சூல்வித்தகம் இதே நொதியத்தை நூற்றுக்கணக்கான மடங்கு சுரக்கிறது. அலர்ஜித் தொல்லை உள்ள சிலருக்குக் கர்ப்ப காலத்தில் அது தணிவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆக, வலி பிறக்கும் அதே நாட்களில் ஹிஸ்டமினை அடக்கும் கையும் தளர்ந்திருக்கிறது. மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினை மட்டும் கொட்டுவதில்லை, புரொஸ்டகிளாண்டினையும், அழற்சியைத் தூண்டும் லியூக்கோட்ரையீனையும் கூடக் கொட்டுகின்றன. வலி நரம்பை இவை கூர்மையாக்குகின்றன. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) புண்களில் நரம்புக்குப் பக்கத்திலேயே இந்தக் கலங்கள் குவிந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. இவ்வளவும் சரி. ஆனால் அலர்ஜிக் குளிசையை மாதவிடாய் வலிக்கென்று பெரிய அளவில் சோதித்த ஆய்வுகள் இல்லை. வலிக்குளிசைக்கும் கருத்தடைக் குளிசைக்கும் அவை நிறைய உண்டு. எங்கள் வரிசை இந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் வழி: வலிக்குளிசை, ஆனால் நேரம் பார்த்து

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2015 இல் வெளியிட்ட மீளாய்வு 80 சோதனைகளையும் 5820 பெண்களையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களில் 100க்கு 18 பேருக்கு வலி நன்றாகக் குறைந்தால், புரொஸ்டகிளாண்டினைத் தடுக்கும் வகைக் குளிசை எடுத்தவர்களில் 45 முதல் 53 பேருக்குக் குறைகிறது. பரசிட்டமோலைவிடவும் இவை மேல். பனடோல் கொக்ஸ் நொதியத்தைக் கருப்பையில் பலமாகத் தடுப்பதில்லை, அதனால் பலருக்கு அது "போட்டும் போடாதது போல" இருக்கும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் காய்ச்சல் உள்ளவர்களுக்கும் அதுதான் தஞ்சம்: 500 மி.கி. குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் கூடாது.

மெஃபனமிக் அசிட், அதாவது பொன்ஸ்டான் வகை: வளர்ந்தவர்களுக்கு 500 மி.கி., நாளுக்கு மூன்று தரம், சாப்பாட்டோடு. இங்கேதான் முதல் பிழை நடக்கிறது. சில பட்டைகளில் ஒன்று 250 மி.கி., சிலவற்றில் 500. 250 இல் ஒன்றைப் போட்டுவிட்டு "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று விட்டவர்கள் பலர். பட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள், இலக்கம் அங்கே இருக்கும். நாளுக்கு 1500 மி.கி.யைத் தாண்டவும் வேண்டாம். இந்த மருந்து அளவு மீறினால் வலிப்பை வரவழைக்கும்.

இபுப்ரூஃபன்: 400 மி.கி., 6 முதல் 8 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, டொக்டரின் சொல் இல்லாமல் நாளுக்கு 1200 மி.கி.க்குள். இது இரத்தத்தில் உச்சத்தை அடைய 1 முதல் 2 மணித்தியாலம், மெஃபனமிக் அசிட்டுக்கு 2 முதல் 4. விடிய எழும்பும்போதே வலி உச்சத்தில் இருக்கிறவர்களுக்கு இபுப்ரூஃபன் முந்திக்கொள்ளும். வலியோடு இரத்தப்போக்கும் கூடியவர்களுக்கு மெஃபனமிக் அசிட் நல்ல தேர்வு, போக்கையும் ஓரளவு குறைக்கும். இந்த அளவுகளெல்லாம் வளர்ந்தவர்களுக்கு. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு நிறை பார்த்து டொக்டர் சொல்ல வேண்டும்.

இரண்டாவது பிழை நேரத்தில். குளிசை தடுப்பது புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியை. ஏற்கெனவே உற்பத்தியாகி வெளிவந்ததை அது அழிக்காது. வலி பொறுக்க முடியாமல் போன பிறகு போட்டால், முன்னமே வெளிவந்தது தன் வேலையை முடிக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இரத்தம் தெரிந்தவுடன், அல்லது நாரி உளைவு தொடங்கியவுடன் முதல் குளிசை. மாதவிடாய் தவறாமல் நாளுக்கு வருகிறவர்கள் முதல்நாள் இரவே தொடங்கலாம், கர்ப்பம் இல்லை என்பது உறுதியானால் மட்டும். பிறகு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிக்கூட்டைப் பார்த்து 48 மணித்தியாலம், தேவையானால் மூன்றாம் நாளும். காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் புறக்கோட்டைக் கடையில் நின்றபடி வேலை செய்கிறவருக்கும் நடுப்பகல் குளிசை மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். காலை வெறும் தேத்தண்ணியோடு போடுவது மூன்றாவது பிழை. இரண்டு துண்டு பாணாவது உள்ளே போன பிறகு போடுங்கள்.

இந்த வகையில் இரண்டை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பொன்ஸ்டானுக்கு மேல் டைக்ளோஃபினக் போட்டால் பலன் கூடாது, வயிற்றுப்புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். பனடோலை இவற்றோடு சேர்க்கலாம். சரியான அளவிலும் நேரத்திலும் மூன்று மாதம் எடுத்தும் பலனில்லை என்றால்தான் அந்தக் குளிசை தோற்றது என்று சொல்லலாம்.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதைக் கண்டிப்பாகச் சொல்கிறோம். காய்ச்சலோடு மாதவிடாய் வந்தால் பொன்ஸ்டான், இபுப்ரூஃபன், டைக்ளோஃபினக், அஸ்பிரின் எதையும் தொடாதீர்கள். அது டெங்குவாக இருந்தால் இரத்தத் தட்டுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கும், இந்தக் குளிசைகள் மிச்சமிருப்பதன் வேலையையும் கெடுக்கும். பனடோல் மட்டும் போட்டு, இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். வழமையைவிடக் கூடுதலாக இரத்தம் போனால் டெங்குக் காய்ச்சலில் அது அபாய அறிகுறி, உடனே ஆஸ்பத்திரி.

வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவை உள்ளவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். அடுத்து, ஹிஸ்டமின் விடயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கூட்டம்: வலிக்குளிசை போட்டால் உடம்பெல்லாம் தடிக்கிறது, கண்மடல் வீங்குகிறது, இழுப்பு வருகிறது என்பவர்கள். கொக்ஸ் பாதையை மூடினால் அதே மூலப்பொருள் லியூக்கோட்ரையீன் பாதையில் திரும்புகிறது. சிலருடைய உடம்பு அதைத் தாங்காது. மாஸ்ட் கலங்கள் பொங்கிவிடும். அவர்கள் ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறிப் பார்க்கக் கூடாது, இந்த வகை முழுவதுமே அவர்களுக்கு ஆகாமல் இருக்கலாம். அவர்களுக்கு ஹோர்மோன் வழிதான் முதல் வழி.

சுடுதண்ணிப் போத்தல்

இதை அம்மம்மா வைத்தியம் என்று ஒதுக்குபவர்களுக்கு: 2001 இல் வெளியான ஒரு சோதனையில், வயிற்றில் 38.9 பாகை வெப்பத்தை நாளுக்கு 12 மணித்தியாலம் வைத்திருந்தவர்களுக்கு 400 மி.கி. இபுப்ரூஃபனுக்கு நிகரான தணிவு கிடைத்தது. இரண்டையும் சேர்த்தவர்களுக்குத் தணிவு ஒன்றரை மணித்தியாலத்தில் தெரிந்தது, குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 2.8 மணித்தியாலம் பிடித்தது. குளிசை வேலை செய்யத் தொடங்கும் வரையான இடைவெளியை வெப்பம் நிரப்புகிறது. ரப்பர்ப் பையில் கொதிநீர் ஊற்றாதீர்கள், கொதித்து ஆறத் தொடங்கிய நீரை மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, மிச்சக் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துவாயில் சுற்றி வையுங்கள். தோலில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழுந்தால் அது சூடு கூடியதன் அடையாளம்.

இரண்டாம் வழி: ஹோர்மோன்

வலிக்குளிசை புரொஸ்டகிளாண்டின் உற்பத்தியாகும்போது தடுக்கிறது. ஹோர்மோன் அது உற்பத்தியாகும் இடத்தையே சுருக்குகிறது. கருத்தடைக் குளிசையில் உட்சுவர் மெல்லியதாகிறது, முட்டை வெளிவருவது நிற்கிறது, புரோஜெஸ்தரோன் ஏறி இறங்கும் அலை தணிகிறது. சுவர் மெல்லியது என்றால் இரத்தமும் குறைவு, வலியும் குறைவு.

இங்கே மித்துரி என்றால் எல்லோருக்கும் தெரியும். ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்தரோன் வகையும் சேர்ந்த குளிசை அது. இந்த வகை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும், மிட்வைஃபிடம் கேட்கலாம். மாதவிடாயின் முதல் நாளில் தொடங்கினால் நல்லது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். இரவுச் சாப்பாட்டோடு கட்டிக்கொண்டால் மறக்காது. முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், இடையிடையே இரத்தக் கசிவு, மார்பு நோ இருக்கலாம். இதைப் பார்த்துப் பயந்து ஒன்றரை மாதத்தில் நிறுத்துபவர்களுக்குப் பலன் தெரிவதற்கு முன்பே ஆட்டம் முடிந்துவிடுகிறது. மூன்று பட்டை முடிந்த பிறகுதான் தீர்ப்புச் சொல்லலாம். ஹோர்மோன் இல்லாத ஏழு நாளில் மட்டும் வலி திரும்புகிறவர்கள், டொக்டரோடு பேசி அந்த ஏழையும் விட்டு நேரே அடுத்த பட்டைக்குப் போகலாம். இரண்டு மூன்று பட்டை இப்படித் தொடர்ந்து எடுப்பதால் உடம்புக்குள் "கெட்ட இரத்தம்" தேங்காது. சுவரே வளராதபோது வெளியே வரவும் ஒன்றும் இல்லை.

யாருக்கு ஆகாது என்பதை மறைக்காமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலையிடி, உயர் இரத்த அழுத்தம், காலில் அல்லது நுரையீரலில் இரத்தக்கட்டி வந்த வரலாறு, 35 வயதுக்கு மேல் சிகரெட், குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது: இவை இருந்தால் ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை கூடாது. எடுக்கும்போது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால், நெஞ்சு வலித்தால், உடனே ஆஸ்பத்திரி.

"கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இந்தக் குளிசையா?" என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும். அந்தப் பயம் பிள்ளை மேல் உள்ள அக்கறையால் வருவது. ஆனாலும் பதில் தெளிவானது: இந்தக் குளிசை பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைக் கெடுக்காது. நிறுத்தினால் சுழற்சி திரும்பும். மாதம் இரண்டு நாள் பாடசாலைக்குப் போகாமல், ஓ.எல். வகுப்பைத் தவறவிட்டுச் சுருண்டு கிடக்கிற பிள்ளைக்கு வலிக்குளிசை போதாதபோது இதை மறுப்பதில் நியாயமில்லை.

மற்ற ஹோர்மோன் வகைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம். டெப்போ ஊசி 150 மி.கி., மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு வருடத்தில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு மாதவிடாயே நின்றுவிடும், வலியும் அதோடு போகும். ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிக்க மாதங்கள் தாமதமாகும், நீண்டகாலம் எடுத்தால் எலும்பின் அடர்த்தி குறையும். அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு இது வேண்டாம். 52 மி.கி. லெவோனோஜெஸ்ட்ரல் உள்ள கருப்பைக்குள் வைக்கும் சாதனம் வலிக்கும் கூடிய இரத்தப்போக்குக்கும் மிக நல்லது, குறைந்தது ஐந்து வருடம் நிற்கும். செம்புச் சாதனமான "லூப்" இதற்கு எதிரானது: வலியையும் போக்கையும் கூட்டும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, வலிக்கென்று செம்பு லூப் போட்டுவிட்டு அவதிப்படாதீர்கள்.

பிரிமொலூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடிவேலுக்கு, கல்யாணத்துக்கு என்று மாதவிடாயைத் தள்ளிப்போட, எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து 5 மி.கி. நாளுக்கு மூன்று தரம் போடுவார்கள். நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும், சிலருக்கு வழமையைவிடக் கடுமையாகவே வரும். இது நாளைத் தள்ளுகிறதே தவிர வலிக்கான சிகிச்சை அல்ல, இந்த அளவில் கருத்தடையும் அல்ல. மாதாமாதம் இப்படித் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் ஒரு தரம் கிளினிக்குக்குப் போய் ஒழுங்கான ஹோர்மோன் ஏற்பாட்டுக்கு மாறுவது எவ்வளவோ மேல்.

மூன்றாம் வழி: ஹிஸ்டமின்

இந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லாது. டயமின் ஒக்சிடேஸ் அளவை அளக்கும் பரிசோதனைகள் விற்கப்படுகின்றன, ஆனால் அவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது. ஒரு கொப்பிதான் சொல்லும். ஒரு பக்கத்தில் திகதி, வலி 0 இலிருந்து 10 க்குள் எவ்வளவு, இரத்தப்போக்கு, எந்தக் குளிசை எத்தனை மணிக்கு. மறுபக்கத்தில் தோல் தடிப்பு, அரிப்பு, மூக்கு ஒழுகல், முகம் சிவந்து சூடாதல், படபடப்பு, தலையிடி, இழுப்பு, மலம் இளகுதல், அன்று சாப்பிட்டது. இரண்டு முழுச் சுழற்சிக்கு எழுதுங்கள். மறுபக்கத்தில் உள்ளவை மாதவிடாய்க்கு இரண்டு மூன்று நாள் முன்பும், சுழற்சியின் நடுவில் ஏறத்தாழ 12 முதல் 16 ஆம் நாளுக்குள்ளும் திரும்பத் திரும்ப வந்தால், மாசிச் சம்பலோ டின் மீனோ வைனோ உள்ளே போன அன்றும் வந்தால், ஹிஸ்டமின் வழியைச் சோதிப்பதில் பொருள் உண்டு. மறுபக்கம் வெறுமையாக இருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். அலர்ஜிக் குளிசை உங்களுக்குத் தூக்கத்தை மட்டும்தான் தரும்.

சோதிக்கும் முறை: எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து இரத்தம் தொடங்கி இரண்டாம் நாள் வரை, செட்டிரிசின் 10 மி.கி. இரவில் ஒன்று, அல்லது லொரடடின் 10 மி.கி. நாளுக்கு ஒன்று. இரண்டு சுழற்சிக்கு இப்படி. வழமையான வலிக்குளிசையை முன்பு எடுத்த அதே அளவில் தொடருங்கள், அதை மாற்றினால் கணக்குக் குழம்பிவிடும். வலி இலக்கம் குறைந்தது 2 புள்ளி இறங்கினால், அல்லது எடுக்க வேண்டிய வலிக்குளிசையின் எண்ணிக்கை குறைந்தால், தொடரலாம். இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். சிறுநீரக நோய், கர்ப்பம், வேறு தொடர் மருந்துகள் இருந்தால் டொக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பிரிட்டன் (Piriton) என்ற பழைய அலர்ஜிக் குளிசை எல்லார் வீட்டிலும் இருக்கும், 4 மி.கி. மஞ்சள் குளிசை. வேலை செய்யும், ஆனால் கண்ணைச் சொருகும். காலி வீதியில் ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். தடிமனுக்கு விற்கும் கலப்புக் குளிசைகள் பலவற்றில் இதே மருந்து ஒளிந்திருக்கும், கூடவே பரசிட்டமோலும். ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டால் இரண்டின் அளவும் தெரியாமல் கூடிவிடும்.

சாப்பாட்டுப் பக்கத்தில் கொழும்புச் சமையலறைக்கு முதல் கவனம் மீன். பலயா, கெலவல்லா, கும்பளா, டின் மீன் எல்லாம் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைந்தவை. மீன் செத்த பிறகு ஐஸ் இல்லாமல் கிடக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. கொழும்பின் 30 பாகை வெக்கையில் அது வேகமாக நடக்கும். உண்டான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, பிரிட்ஜில் உறைய வைத்தாலும் போகாது. மணத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. பேலியகொடைச் சந்தையிலிருந்து வந்த மீனை மாலையில் வாங்கி, வீட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளித்து வந்து வெட்டுவது போதும், நல்ல மீனும் கெட்டுவிடும். காலையில் வாங்குங்கள், பையில் ஐஸோடு கொண்டுவாருங்கள், செவுளையும் குடலையும் உடனே எடுத்துவிட்டு 4 பாகைக்குக் கீழ் வையுங்கள். மீன் சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, வாயில் மிளகு கடித்தது போல எரிந்தால் அது ஹிஸ்டமின் நஞ்சாதலாக இருக்கலாம். உடனே அதை "மீன் அலர்ஜி" என்று எழுதிக்கொண்டு ஆயுளுக்கும் மீனை விட்டுவிடத் தேவையில்லை.

மாசி, கருவாடு, அச்சாறு, வினாகிரி, பழைய சீஸ், புளித்தவை, மதுபானம் ஆகியவையும் பட்டியலில் வரும். மதுபானம் இரு பக்கமும் இடிக்கும்: தானும் ஹிஸ்டமின் கொண்டுவரும், அதை உடைக்கும் நொதியத்தையும் முடக்கும். இரண்டு முதல் நான்கு வாரம் இவற்றை நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாக மூன்று நாள் இடைவெளியில் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். கொடுவா, விளைமீன் போன்றவற்றைப் புதிதாக வாங்கிச் சமைத்தால் மீனையே விட வேண்டியதில்லை. நான்கு வாரத்துக்கு மேல் கண்டபடி எல்லாவற்றையும் ஒதுக்குவதுதான் இந்த வழியில் நடக்கும் பெரிய கேடு. இரத்தப்போக்குக் கூடிய ஒரு பெண் மீன், தக்காளி, கீரை, பருப்பு என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போனால் வலி குறைகிறதோ இல்லையோ, இரத்தச்சோகை நிச்சயம்.

இணையத்தில் விற்கும் டயமின் ஒக்சிடேஸ் கப்சூல்களைப் பற்றி ஒரு விடயம்: அவற்றில் பெரும்பாலானவை பன்றிச் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. முஸ்லிம் வீடுகளிலும் சைவ வீடுகளிலும் வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது இது. குடலுக்குள் வந்த உணவின் ஹிஸ்டமினில்தான் அது வேலை செய்யும், கருப்பை மாஸ்ட் கலங்கள் கொட்டுவதை அது தொடாது.

மிச்சம் உள்ளவை

இஞ்சித் தூள் நாளுக்கு 750 முதல் 2000 மி.கி., முதல் மூன்று நான்கு நாள்: சில சிறிய சோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது, வயிற்றுக்கு ஆகுமென்றால் குடிக்கலாம். வாரத்துக்கு மூன்று தரம் 45 நிமிடத்துக்குக் குறையாத உடற்பயிற்சி மாதக் கணக்கில் வலியைக் குறைக்கும், வலிக்கிற அன்றைக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். பஸ்கோபான் குடல் பிடிப்புக்கு நல்ல மருந்து. கருப்பை வலிக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

தேர்வை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டிய நேரம்

பெரியபிள்ளையாகி ஓரிரு வருடத்துக்குள் தொடங்கி, முதல் இரண்டு நாளோடு முடிகிற வலி பெரும்பாலும் நோய் இல்லாத வலி. 25 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கியது, வருடத்துக்கு வருடம் கூடுவது, மாதவிடாய் இல்லாத நாளிலும் இருப்பது, உடலுறவில் ஆழமாக வலிப்பது, அந்த நாட்களில் மலம் கழிக்க வலிப்பது, மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன எந்தக் குளிசையும் பரிசோதனைக்குப் பதிலாகாது. நாள் தள்ளிப்போய் ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்து, தலை சுற்றினால் அது கருப்பைக்கு வெளியே தங்கிய கருவாக இருக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990 ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம்.

எண்டோமெட்ரியோசிஸ் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்கிறது. சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பது அது இல்லை என்று ஆகாது. "கல்யாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சொல்லியே இந்த நோய் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. இது எங்களுக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த வருடங்களை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. கொழும்பில் காசல் வீதி மகளிர் ஆஸ்பத்திரியும் டி சொய்சா மகளிர் ஆஸ்பத்திரியும் அரசாங்க ஆஸ்பத்திரிகள், பெண் நோயியல் கிளினிக் அங்கே உண்டு, காசு கட்ட வேண்டியதில்லை.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் இதுவரை எடுத்த குளிசைகளின் வெறும் பட்டைகளையும் கொண்டுபோங்கள். "பயங்கரமாக வலிக்குது டொக்டர்" என்பது நெரிசலில் காதில் விழாமல் போகலாம். "மூன்று மாதம், 500 மி.கி., நாளுக்கு மூன்று தரம், முதல் நாளே தொடங்கினேன், வலி 9 இலிருந்து 8 க்குத்தான் வந்தது" என்று சொன்னால் அடுத்த கேள்வியே வேறாக இருக்கும்.